அக்காவின் படகு ஏன் நின்றது

அக்கா படகு வாங்கிய செய்தியை எனக்கு முதலில் சொன்னவள் என் மனைவி. நான் கொள்ளுப்பிட்டியில் வேலை முடிந்து, காலி வீதி நெரிசலில் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வெள்ளவத்தைக்கு வந்து சேர்ந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.

"உங்கட அக்கா போட் ஒண்டு வாங்கிட்டாவாம். பழைய போட். இஞ்சினோட," என்றாள்.

"என்ன போட்?"

"தண்ணியில போற போட்தான். வேற என்ன போட்?"

உடனே அக்காவுக்குப் போன் எடுத்தேன். "ஓமடா, வாங்கிட்டன். ஞாயிற்றுக்கிழமை வந்து பார்," என்றாள். மாம்பழம் வாங்கியதைப் போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள்.

அக்காவுக்கு அப்போது ஐம்பது கடந்துவிட்டது. கலியாணம் செய்யவில்லை. கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டின் மேல்மாடியில் தனியாக வாடகைக்கு இருந்தாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் உள்ள ஒரு ஆஸ்பத்திரியில் இரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து தினமும் காலையில் பஸ்ஸில் களனி ஆற்றுப் பாலத்தைக் கடந்து போவாள், பின்னேரம் திரும்பி வருவாள். பஸ்ஸில் இடம் கிடைத்தால் எப்போதும் யன்னல் பக்கம்தான் இருப்பாள் என்பது எனக்குத் தெரியும். ஏன் என்று நான் கேட்டதே இல்லை.

படகைப் பார்க்கப் போன அன்று கேட்டேன்.

"இவ்வளவு காலமும் இந்த ஆத்தை மேலால கடந்திட்டன். கீழால ஒருக்கா போய்ப் பாக்கோணும். போட்டில ஏறி, பேலியகொடைப் பாலத்துக்குக் கீழால போய், களனி விகாரைப் பக்கம் வரைக்கும். அவ்வளவுதான்," என்றாள்.

"அதுக்கு ஒரு நாளைக்கு வாடகைக்குப் பிடிச்சாப் போதுமே அக்கா."

"ஒரு நாள் போறதுக்கு எண்டு ஆர் சொன்னது?"

படகு மட்டக்குளிப் பக்கம் ஆற்றங்கரையில், ஒரு ஈரப்பலா மரத்தின் கீழ் கட்டிக் கிடந்தது. வெள்ளை நிறப் பைபர் படகு, விளிம்பெல்லாம் கீறல். பின்னால் ஒரு சின்ன இஞ்சின், நிறம் மங்கிப்போய். இஞ்சினுக்குப் பெற்றோல் வருவது படகின் தரையில் வைத்திருந்த ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் டாங்கிலிருந்து. டாங்கிலிருந்து இஞ்சினுக்கு ஒரு கறுப்புக் குழாய். குழாயின் நடுவே முட்டை வடிவில் ஒரு ரப்பர் பந்து. இஞ்சினை ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் அந்தப் பந்தை அமுக்கி அமுக்கி, அது கையில் கல்லாகும் வரைக்கும் பெற்றோலை ஏற்றவேண்டும். பிறகு கயிற்றை இழுத்தால் இஞ்சின் எழும்பும். இதை எனக்குச் சொல்லித்தந்தபோது அக்காவின் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன் கண்டதாக ஞாபகம் இல்லை.

ஈரப்பலா மரத்துக்கு அடுத்தாற்போல் தகரக் கொட்டில் ஒன்றில் ஒரு மெக்கானிக் இருந்தார். அவருடைய இடத்தில்தான் படகு நின்றது. ஹற்றன் பக்கத்து ஆள். தேயிலைத் தோட்டத்து லொறிகளோடு தொடங்கி, கொழும்புக்கு வந்து மீன்பிடிப் படகு இஞ்சின்களுக்குள் இறங்கியவர். அக்காவை விட இளையவர். அன்று எங்களை அனுப்பும்போது எச்சரித்தார்:

"அக்கா, இந்த இஞ்சினப் பத்தி எனக்குத் தெரியும். நீர்கொழும்புல இத வெச்சிருந்தவரு ரெண்டு மூணு பேருகிட்ட காட்டிட்டுத்தான் வித்தாரு. ஓடும், நிக்கும். தூரமா போயிறாதீங்க."

"அவரும் எனக்குச் சொல்லித்தான் வித்தவர். அதாலதான் எனக்குக் கட்டுபடியாச்சு," என்று அக்கா சிரித்தாள்.

வெள்ளவத்தையில் கடல் இரைச்சலைக் கேட்டுக்கொண்டு நித்திரை கொள்கிறவன் நான். ஆனாலும் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கியதில்லை. அக்கா எனக்கும் ஒரு உயிர்காப்பு அங்கி வாங்கி வைத்திருந்தாள். அதை மாட்டிக்கொண்டு, படகின் நடுவில் இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். இஞ்சின் முதல் இழுப்பிலேயே எழும்பியது. ஆற்றின் நடுவுக்கு வந்ததும் அக்கா வேகத்தைக் கூட்டினாள். கரையில் துணி தோய்த்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. தூரத்தில் பாலம் தெரிந்தது. அதன்மேல் பஸ்கள் ஊர்ந்துகொண்டிருந்தன.

அப்போது இஞ்சின் தொண்டையைச் செருமுவதுபோல ஒரு சத்தம் போட்டது. இரண்டு தடவை குலுங்கியது. நின்றுவிட்டது.

அக்கா கயிற்றை இழுத்தாள். இல்லை. மறுபடி இழுத்தாள். இல்லை. படகு மெல்லத் திரும்பி, ஆற்றோடு கடல் பக்கம் போகத் தொடங்கியது. மழைக்குப் பிந்திய நாட்கள். ஆற்றில் இழுவை இருந்தது. நான் தெரிந்த கடவுள்களை எல்லாம் கூப்பிட்டேன். அக்கா எழும்பி, முன்பக்கத்தில் சுருட்டி வைத்திருந்த நங்கூரத்தை எடுத்துத் தண்ணீரில் போட்டாள். கயிறு இறுகியது. படகு நின்றது. அதற்குப் பிறகுதான் இருந்த இடத்தில் இருந்து யோசிக்கத் தொடங்கினாள்.

மணல் ஏற்றிக்கொண்டு வந்த ஒரு படகுக்காரர் எங்களைக் கண்டு கிட்ட வந்தார். "மொகத உனே?" என்று சிங்களத்தில் கேட்டார், என்ன நடந்தது என்று. இஞ்சின் நின்றுவிட்டது என்று அக்கா சொல்ல, அவர் ஒரு கயிற்றை எறிந்தார். அக்கா போகிற போக்கில் கடைசியாக ஒருமுறை ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்போமே என்று இழுத்தாள். இஞ்சின் எழும்பிவிட்டது! ஒன்றுமே நடக்காததுபோல் ஓடியது. மணல்காரர் தலையை ஆட்டிக்கொண்டு கயிற்றைத் திருப்பி இழுத்துக்கொண்டார். நாங்கள் திரும்பி வந்தோம்; கரைக்கு வர முன் இன்னொரு தடவை நின்று, கொஞ்ச நேரம் பொறுத்து எழும்பியது.

கோபம் வரவேண்டிய இடம் அது. எனக்கு வந்தது. விற்றவன் கள்ளன் என்றேன், இஞ்சினைத் தூக்கி ஆற்றில் போடச் சொன்னேன். அக்கா கரையில் இறங்கி, கைலேஞ்சியால் முகத்தைத் துடைத்துவிட்டு, "நிண்டது பெரிய விஷயமில்லை. பிறகு தானா எழும்பினதுதான் விஷயம். ஏன் எழும்பினது?" என்றாள்.

அன்றிலிருந்து எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அந்த ஒரு கேள்விக்குப் போயின.

மெக்கானிக் முதலில் கேட்டது, டாங்க் மூடியில் உள்ள காற்றுத் திருகைத் திறந்து விட்டோமா என்று. அதைத் திறக்க மறந்தால் பெற்றோல் இறங்க இறங்க உள்ளே காற்று வர வழியில்லாமல் இஞ்சின் பட்டினி கிடந்து நிற்குமாம். திறந்துதான் இருந்தது. அக்கா அதைக் கழற்றி, ஓட்டைக்குள் வாயால் ஊதியும் பார்த்தாள். காற்று போனது.

"அப்ப தண்ணி கலந்திருக்கும்க்கா," என்றார் மெக்கானிக்.

அக்கா டாங்கின் அடியிலிருந்து கொஞ்சம் பெற்றோலை ஒரு கண்ணாடிப் போத்தலில் எடுத்து, வெயிலில் ஒரு கல்லின்மேல் வைத்துவிட்டுப் பொறுமையாகப் பக்கத்தில் இருந்தாள். கொஞ்ச நேரத்தில் போத்தலின் அடியில் தெளிந்த ஒரு வட்டம் தனியாகப் பிரிந்து நின்றது. மேலே எண்ணெய் கலந்த பெற்றோல், கீழே தண்ணீர். அவளுக்கு அது பழக்கமான காட்சியாக இருந்திருக்கவேண்டும். இரத்தத்தை வைத்துவிட்டுப் பிரியும்வரை பார்த்துக்கொண்டிருப்பவள்தானே. பழைய பெற்றோல் எல்லாவற்றையும் சரித்து ஊற்றிவிட்டு, புதிதாக வாங்கி நிரப்பினோம். கேனில் தரமாட்டோம் என்று பெற்றோல் ஷெட்டில் பிடிவாதமாக நின்றவர்களிடம் அக்கா சிங்களத்தில் படகின் கதை முழுவதையும் சொல்லித்தான் வாங்கினாள். அந்தப் பையன்கள் அடுத்தடுத்த கிழமைகளில் அவளைக் கண்டால், "அக்கே, இன்னும் நிக்குதா?" என்று அரைகுறைத் தமிழில் கேட்கும் அளவுக்குப் போனது.

இன்னும் நின்றது. கிட்டத்தட்ட அதே இடத்தில், பாலம் தெரியும் இடத்தில்.

அடுத்த முறை மெக்கானிக் காபரேட்டரைக் கழற்றினார். ஊசிமுனை அளவு துவாரங்களையெல்லாம் மெல்லிய கம்பியால் சுத்தம் செய்தார். உள்ளே பழைய பெற்றோல் காய்ந்து தேன்நிறத்தில் பிசினாய் ஒட்டியிருந்தது. இதுதான் கள்ளன் என்று நாங்கள் மூவரும் நம்பினோம். பால் விடாத பிளேன்டி குடித்துக் கொண்டாடினோம். இஞ்சினின் சத்தமே மாறியிருந்தது, அவ்வளவு மென்மை. ஆற்றில் இறங்கினோம். பாலம் தெரியும் இடத்தில் நின்றுவிட்டது.

மனுஷர் வெட்கப்பட்டுப் போனார். "இஞ்சின்ல கோளாறு ஒண்ணுமே இல்லக்கா. நான் பாத்துட்டேன். ஆனா நிக்குது. என்னான்னு எனக்கு வெளங்கல," என்று சொல்லி, அந்த வேலைக்குச் சல்லி வாங்கவும் மறுத்தார். அக்கா கட்டாயப்படுத்திக் கொடுத்தாள். "நீங்கள் செய்தது வீண்போகேல்லை. காபரேட்டர் இல்லை எண்டு இப்ப தெரியும்தானே. அது பெரிய வேலை," என்றாள்.

அவளிடம் எனக்கு மிகவும் பிடித்துப்போன குணம் அது. தோற்றுப்போன ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவளுக்கு ஒரு லாபம். நானும் மெக்கானிக்கும் குழாய், பிளக், பம்ப் எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றிவிடலாம் என்று துடித்தபோது அவள் விடவில்லை.

"ஒரு நேரத்தில ஒண்டை மட்டும் மாத்துவம். எல்லாத்தையும் மாத்தி அது ஓடினால், எதாலை ஓடினது எண்டு எனக்குத் தெரியாது. பிறகு நடு ஆத்தில நிண்டா என்ன செய்யிறது?"

குழாயை மாற்றினோம், பந்தோடு சேர்த்துப் புதிது. நின்றது. என் மனைவி, "உங்கட அக்காவுக்குத்தான் விசர் எண்டா உங்களுக்குமா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு, எங்களுக்குச் சோற்றுப் பார்சலும் கட்டித்தந்தாள்.

அதற்குப் பிறகு ஒரு கிழமை அக்கா படகுப் பக்கமே போகவில்லை. யோசித்திருக்கிறாள். அடுத்த ஞாயிறு என்னைப் படகில் இருத்தி, அந்த ரப்பர் பந்தைக் கையில் தந்தாள்.

"நான் ஓட்டுறன். நீ இதைப் பிடிச்சுக்கொண்டே இரு. விடாதை. அமுக்கவும் வேண்டாம். சும்மா பிடி. இஞ்சின் நிக்கேக்கை இது எப்பிடி இருக்குது எண்டு சொல்லு. நாங்கள் எப்பவும் நிண்ட பிறகுதான் பாக்கிறம். அதுக்குள்ள எல்லாம் பழையபடி வந்திடுது போல."

ஒரு கோழி முட்டையை அடைகாப்பதுபோல் அந்தப் பந்தைப் பிடித்துக்கொண்டு போனேன். முதலில் அது நிரம்பி, கையில் இலேசாகத் துடித்துக்கொண்டிருந்தது. கரை கடந்து, மரங்கள் கடந்து, தூரத்தில் பாலம் தெரிந்தது. அப்போது என் உள்ளங்கையில் அது மெல்ல மெல்ல உள்வாங்கத் தொடங்கியது. கன்னத்தை உள்ளே இழுப்பதுபோல் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு சப்பையாகியது.

"அக்கா! சப்புது! உள்ளுக்கு இழுக்குது!" என்று கத்தினேன்.

நான் கத்தி முடிப்பதற்குள் இஞ்சின் நின்றது. நின்றதும் பந்து என் கையிலேயே மெதுவாகத் திரும்ப உப்பி, பழையபடி ஆனது. கொஞ்ச நேரத்தில் அதைப் பார்த்தால் சந்தேகப்பட ஒன்றுமே இல்லை. அக்கா நங்கூரத்தைப் போட மறந்து என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். நாங்கள் கடல் பக்கமாக நன்றாகவே இழுபட்டுப்போன பிறகுதான் இருவருக்கும் ஞாபகம் வந்தது.

இஞ்சின் பெற்றோலை உறிஞ்சுகிறது. டாங்கின் பக்கத்தில் ஏதோ ஒன்று அதைத் தடுக்கிறது. உறிஞ்சுவதை நிறுத்தியதும் தடுப்பதும் விலகிவிடுகிறது. அக்கா கரைக்கு வரும் வழியிலேயே இதை எனக்கு விளக்கிவிட்டாள். மெக்கானிக்கும் கேட்டவுடன் நெற்றியில் அடித்துக்கொண்டு, கொட்டிலிலிருந்து தன்னுடைய டாங்கைத் தூக்கிக்கொண்டு வந்தார். "இதப் போட்டு ஓட்டிப் பாருங்க," என்றார்.

அந்த டாங்கோடு நாங்கள் வழமையாக நிற்கும் இடத்தைக் கடந்தோம். நான் பந்தை விடவில்லை. பாலம் பெரிதாகிக்கொண்டே வந்தது. தூண்களுக்கு இடையில் புகுந்தபோது குளிர்ந்த நிழல் எங்கள்மேல் விழுந்தது. தலைக்கு மேலே பஸ்களின் இரைச்சல், கொங்கிரீட் அதிரும் சத்தம். அக்கா தலையைப் பின்னால் சாய்த்து மேலேயே பார்த்துக்கொண்டு போனாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன என்று நினைக்கிறேன். காற்றாகவும் இருக்கலாம், நான் கேட்கவில்லை. அந்தப் பக்கம் வெளிச்சத்துக்கு வந்ததும், விகாரை வரைக்கும் போவோம் என்று நான்தான் சொன்னேன். அவள் படகைத் திருப்பினாள்.

"இது அவரின்ர டாங்க். என்ர டாங்கில என்ன பிழை எண்டு இன்னும் தெரியேல்லையே."

"புது டாங்க் ஒண்டு வாங்கினா முடிஞ்சுது அக்கா."

"வாங்கலாம். ஆனா தெரியாமல் வாங்கேலாது."

கரைக்கு வந்து சிவப்பு டாங்கை வெறுமையாக்கினோம். தலைகீழாகக் கவிழ்த்துக் குலுக்கினோம். ஒன்றும் விழவில்லை. வாய் வழியாகப் பார்த்தால் உள்ளே இருட்டு. பெற்றோல் ஆவி நிறைந்திருக்கும் என்று அக்கா போன் வெளிச்சத்தைக்கூடக் கிட்டக் கொண்டுபோக விடவில்லை. கடைசியில் டாங்கை இரண்டு கையாலும் தூக்கி, பின்னேர வெயிலுக்கு நேராகப் பிடித்தாள். சிவப்புப் பிளாஸ்டிக் விளக்குப்போல் ஒளிர்ந்தது. அதன் ஒரு பக்கத்துச் சுவரில், ஒட்டிக்கொண்டு, நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாய், வட்டமாய் ஒரு நிழல்.

"அந்தா," என்றார் மெக்கானிக்.

வளைத்த கம்பியால் அவர் அதை வெளியே எடுக்கப் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. வந்தது ஒரு மெல்லிய தகட்டு வட்டம். புது ஒயில் போத்தலின் மூடிக்குக் கீழே வாயை அடைத்து ஒட்டியிருக்குமே, அது. பெற்றோலோடு கலக்கும் ஒயிலை யாரோ ஊற்றும்போது உள்ளே விழுந்திருக்கிறது. இஞ்சின் ஓட ஓட அது மிதந்து வந்து, உறிஞ்சும் குழாயின் வாயில் போய் ஒட்டும். இஞ்சின் நின்றதும் உதிர்ந்து விழும். டாங்கைக் கவிழ்த்தால் ஈரச் சுவரில் ஒட்டிக்கொண்டு அசையாமல் இருக்கும்.

மெக்கானிக் சிரிக்கத் தொடங்கினார். அக்காவும் சிரித்தாள். மூவரும் கண்ணீர் வரும்வரை சிரித்தோம். பிறகு அக்கா போனை எடுத்து, படகை விற்ற நீர்கொழும்புக்காரரைக் கூப்பிட்டாள். எனக்கு அது தேவையில்லாத வேலையாகப் பட்டது. அவள் சிங்களத்தில் நடந்ததைச் சொல்ல, அந்தப் பக்கம் அவரும் முதலில் சிரித்தார். பிறகு, அந்த இஞ்சினால் தான் கடலுக்குப் போவதையே விட்டதாகச் சொன்னாராம். அப்படியென்றால் இஞ்சின் நல்ல இஞ்சின்தானா என்று கேட்டாராம். அக்கா, "நல்ல இஞ்சின். நீங்கள் நல்லாத்தான் வைச்சிருந்திருக்கிறியள்," என்று அவருடைய மொழியில் சொன்னாள். அவர் அடுத்த ஞாயிறு மனைவியோடு வந்து, படகில் ஏறி, எங்களோடு விகாரை வரைக்கும் வந்தார். வழி முழுக்க இஞ்சினின் மூடியில் கையை வைத்துக்கொண்டே இருந்தார்.

இந்தக் கதையை நான் இங்கே நிறுத்தியிருப்பேன், அந்த வெள்ளம் வராமல் இருந்திருந்தால்.

நாட்கணக்கில் பெய்த மழையில் ஆறு கரையை உடைத்துக்கொண்டு, களனிப் பக்கத்து ஒழுங்கைகளுக்குள் புகுந்துவிட்டது. அக்கா ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டு, மெக்கானிக்கோடு படகில் இறங்கியிருந்தாள். நான் சாப்பாட்டுக்குப் பாண் பார்சல்களோடு போய்ச் சேர்ந்தபோது, வழமையாக பஸ் ஓடும் ரோட்டில் படகுகள் ஓடிக்கொண்டிருந்தன. ஊர்ப் பொடியன்கள், மீன்பிடிக்காரர்கள், பேலியகொடை மீன் சந்தையில் வேலை செய்கிறவர்கள், கிடைத்த எல்லாவற்றிலும் ஆட்களை ஏற்றி இறக்கினார்கள்.

பெற்றோல்தான் பிரச்சினை. ஷெட்டுகள் தண்ணீருக்குள். ஆட்கள் தங்கள் மோட்டார் சைக்கிள்களில் இருந்து உறிஞ்சி எடுத்து, தண்ணீர்ப் போத்தல்களிலும் வாளிகளிலும் கொண்டுவந்து தந்தார்கள். தங்களிடம் இருந்ததை எல்லாம் தந்தார்கள். ஆனால் அதில் பாதி வெள்ளத்துக்குள் கிடந்த வண்டிகளில் இருந்து வந்தது.

அக்கா ஒரு மதிலின்மேல் தன் கண்ணாடிப் போத்தலை வைத்துக்கொண்டு நின்றாள். வந்த ஒவ்வொன்றையும் அதில் ஊற்றி, அசையாமல் வைத்துவிட்டுப் பார்த்தாள். அடியில் தண்ணீர் பிரிந்தால் மேலே உள்ளதை மட்டும் மெதுவாக வேறு கேனுக்குச் சரித்தாள். துணியால் வடித்தாள். ஒரு பொடியன் பொறுமை இழந்து, "அக்கே, இக்மன்ட! ஆக்கள் கூரையில நிக்கினம்!" என்று கத்தினான். சீக்கிரம் என்கிறான்.

"தெரியும் மல்லி. நடுவில நிண்டா அவையளும் இல்லை, நாங்களும் இல்லை. கொஞ்சம் பொறு," என்றாள் அக்கா. மல்லி என்றால் தம்பி. குரலை உயர்த்தவில்லை.

அவன் காத்திருக்கவில்லை. வாளிப் பெற்றோலை நேராகத் தன் படகில் ஊற்றிக்கொண்டு போனான். சந்தி கடக்குமுன் அவன் இஞ்சின் நின்று, ஆற்று வெள்ளம் படகை ஒரு மதிலோடு கொண்டுபோய் அடித்தது. நாங்கள் போய்க் கயிறு கொடுத்து இழுத்துவந்தோம். அக்கா அவனுடைய டாங்கை வெறுமையாக்கி, தெளிந்த பெற்றோலை ஊற்றிக் கொடுத்தாள். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்துப் படகுகள் எல்லாம் அவளுடைய மதிலடிக்கு வந்து வரிசையில் நின்றன. அந்தப் பொடியனே நின்று வரிசையைப் பார்த்துக்கொண்டான்.

அன்று மத்தியானம் ஒரு வீட்டின் மேல்மாடியில் இருந்து ஒரு மனிதரை ஏற்றினோம். சிறுநீரக நோயாளி, இரத்தம் சுத்திகரிக்கப் போகவேண்டிய நாள் தவறிவிட்டது. முகமும் காலும் வீங்கியிருந்தன. அரிசிப் பை ஒன்றுக்குள் தன்னுடைய பூனையையும் வைத்துக்கொண்டு, பூனை இல்லாமல் வரமாட்டேன் என்று அடம்பிடித்தார். மகள் அழுதுகொண்டு நின்றாள். அக்கா அவர் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். அவருடைய இரத்தம் எந்த நிலையில் இருக்கும் என்று அவளுக்குத்தான் எங்களைவிட நன்றாகத் தெரியும்.

"பூனையும் வரட்டும். நீங்கள் இதில இருங்கோ ஐயா, என்ர பக்கத்தில," என்றாள்.

அந்த ஓட்டம்தான் எல்லாவற்றிலும் நீண்டது. ஒழுங்கைகள் முடிந்து, ஆறும் வீதியும் ஒன்றாகிப்போன ஒரு வெளியைக் குறுக்கே கடக்கவேண்டும். மரங்களும் கதிரைகளும் ஒரு குளிர்சாதனப் பெட்டியும் மிதந்து வந்தன. அங்கே இஞ்சின் நின்றால் நங்கூரம் பிடிக்காது. மெக்கானிக் முன்னால் நின்று தடியால் மிதப்பவற்றைத் தள்ளினார். நான் பந்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். யாரும் சொல்லவில்லை, கை தானாகப் போயிற்று. அது வழி முழுக்க நிரம்பி, இறுக்கமாய், ஒரே சீராய்த் துடித்தது. நான் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தேன். மழை முகத்தில் அடிக்க, ஒரு கை இஞ்சினின் பிடியில், மறு கையால் அந்த மனிதரின் நாடியைப் பிடித்தபடி இருந்தாள். என்னுடைய அக்கா என்று எல்லோருக்கும் சொல்லவேண்டும் போல் இருந்தது. பைக்குள்ளிருந்து தலையை நீட்டி என்னைப் பார்த்தது பூனை மட்டும்தான்.

காய்ந்த ரோட்டில் அம்புலன்ஸ் காத்துக்கொண்டு நின்றது. அவர் உயிர் தப்பினார். மகள் பிறகு ஆஸ்பத்திரியில் அக்காவைத் தேடி வந்து சொன்னாள்.

தண்ணீர் வடிந்த பிறகு ஒரு காலை, ஈரப்பலா மரத்தடியில் இஞ்சினைக் கழற்றி நல்ல தண்ணீரால் கழுவிக்கொண்டிருந்தோம். சேறு நாறியது. எங்கள் உடம்பும்தான். அப்போது ஒரு ஆள் ஒழுங்கையால் வந்து, கொஞ்சம் தயங்கி நின்றார்.

"போட்டுக்கு பெற்றோல் பாக்கிற அக்கா நீங்கதானே? என்ட திரீவீலர் வெள்ளத்தில நிண்டது. ஸ்டார்ட் ஆகுதில்ல. அதுதான் நம்மட பொழைப்பு."

"எனக்கு திரீவீலர் தெரியாதே," என்றாள் அக்கா.

"பரவாயில்ல. வந்து பாருங்களேன்."

அக்கா என்னைப் பார்த்தாள், மெக்கானிக்கைப் பார்த்தாள். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு எழும்பினாள்.

"டாங்கைத் திறந்தனீங்களோ?" என்று கேட்டுக்கொண்டே அவருக்குப் பின்னால் நடந்தாள். மெக்கானிக் ஸ்பனர் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். நான் இஞ்சினுக்கு மேல் ஒரு சாக்கைப் போட்டு மூடிவிட்டு, அவர்களைப் பிடிக்க விரைந்தேன்.